தாழத் தாழ ஓங்கும் புகழ்

தில்லியில் பிக்கப் வாங்கி, அதன் அடிவயிறு தார்ச்சாலையை முத்தமிடும்படி இறக்கி ஓட்டும் தம்பி, உன் துறவை வாழ்த்துகிறேன். சென்னைக்கு வடக்கே ஸ்ரீசிட்டியில் உன் இசுசு வி-கிராஸைச் செய்தவர்கள் பள்ளம் மேடு தாண்டத் தரையிலிருந்து நல்ல உயரமும், பாரம் சுமக்கப் பின் அச்சில் ஸ்பிரிங் பட்டை அடுக்கும் கொடுத்திருந்தார்கள். நீ உயரத்தைத் துறந்தாய். பட்டையில் இரண்டைக் கழற்றிப் பாரத்தையும் துறந்தாய். பிக்கப் என்ற பேரை மட்டும் வைத்துக்கொண்டாய்.

உன் துணிவும் பெரிது. முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை கேஸ் கட்டரால் அறுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார்த்தாய். சூடுபட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அறுத்த முனை ஸ்பிரிங் அமரும் இடத்தில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும் நேரத்தில் நழுவவும் செய்யும். இத்தனையும் தெரிந்த பொறியாளர்கள் அஞ்சும் காரியத்தை அரை மணியில் முடித்துவிட்டாய்.

சிக்கனத்தில் உன்னை மிஞ்ச ஆளில்லை. ஸ்பிரிங்கைக் குட்டையாக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவைத்தாய். பழைய உயரத்துக்கு அளந்து செய்த ஷாக் அது. இப்போது அதன் தண்டு எந்நேரமும் பாதி உள்ளே புகுந்தே கிடக்கிறது. ஒரு பள்ளம் வந்தால் பிஸ்டன் அடியில் போய் இடிக்கலாம், வால்வு கெடலாம், எண்ணெய் கசியலாம். அப்புறம் வண்டி துள்ளுவதை நிறுத்த ஒன்றும் இல்லை. பள்ளம் போதாதென்று மேடும் உண்டு. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். தில்லிக் காலனிகள் தாமே கட்டிக்கொண்ட மேடுகளுக்கு அந்த அளவு எதுவும் தெரியாது. ஒவ்வொன்றிலும் உன் சேஸிஸ் நின்று வணக்கம் சொல்லிவிட்டே போகிறது. எவ்வளவு பணிவு!

உன் பின் பிரேக்கின் கதை இன்னும் சிறப்பு. பல பிக்கப்களில் பாடிக்கும் அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, பாரம் ஏறியிருந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டித்தரும் வால்வு ஒன்று உண்டு. நீ பாடியை இறக்கியதும் காலி வண்டியை நிறைபாரம் என்று அது நம்பிவிட்டது. மழை நாளில் ரிங் ரோட்டில் பிரேக் மிதித்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பி நிற்கலாம். இரும்பு வால்வையே ஏமாற்றிய உன் சாமர்த்தியத்தின் பலன் பக்கத்தில் போகும் ஸ்கூட்டர்காரரின் குடும்பத்துக்கும் போய்ச் சேரும். பின்புறம் அதிகம் இறங்கியதால் மேல்நோக்கும் உன் ஹெட்லைட், எதிரே வருகிறவரின் கண்ணுக்கும் தாராளமாக வெளிச்சம் வழங்குகிறது.

அரசும் உன்னைக் கவனித்திருக்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது.

கலிபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களைப் பார்த்துத்தான் வண்டியைத் தாழ்த்தும் இந்த ஆசை உலகெங்கும் பரவியது என்பார்கள். சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் பாகம் இறங்கக் கூடாதென்று 1958இல் அங்கே சட்டம் வந்தது. மறு ஆண்டே ஹைட்ராலிக் பொருத்தி, வேண்டும்போது ஏற்றவும் இறக்கவும் கற்றார்கள். உன் வழி அதைவிட உறுதியானது. இறங்கினால் இறங்கியதுதான்.

தம்பி, அழகு உன் உரிமை, சாலை எல்லோருடையது. 2020 ஜூலையில் தில்லி மின்டோ பாலத்தடியில் தேங்கிய மழைநீரில் சிக்கிச் சிறு சரக்கு வண்டி ஓட்டுநர் ஒருவர் இறந்தார். அந்த ஊரில்தான் நீ வண்டியைத் தண்ணீருக்கு இன்னும் அருகே கொண்டுபோகிறாய். அடுத்த முறை காஷ்மீரி கேட்டில் உதிரிபாகம் வாங்கப் போகும்போது விலையைக் கேட்குமுன் நீளத்தைக் கேள்: ஸ்பிரிங்கின் நீளம், ஷாக் முழுதும் மடங்கும்போது நீளம், முழுதும் விரியும்போது நீளம். மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்றால் வாங்காதே. அறுத்த ஸ்பிரிங்கை இன்றே கழற்றிப் போட்டுவிட்டுக் கம்பெனி ஸ்பிரிங்கை மாட்டு.