174 பெண்களைக் கட்டிக்கொடுத்தவர்

டெல்டாவில் ஒருவர் காலமானால் ஊர் அவருக்கு இரண்டு நற்சான்றுகளில் ஒன்றைத்தான் கொடுக்கும். “நாலு ஊர்த் தண்ணி குடிச்ச மனுஷன்” என்பது ஒன்று. “நல்ல குடும்பஸ்தர், வாசப்படி தாண்ட மாட்டார்” என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே ஆளுக்குத் தூக்கிக் கொடுக்க ஊருக்கு மனசு வராது. சுற்றியவர் வீட்டைக் கவனித்திருக்க மாட்டார், வீட்டைக் கவனித்தவர் மன்னார்குடியைத் தாண்டியிருக்க மாட்டார் என்பது அதன் கணக்கு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிமேட்டுக்காரர், 2018 டிசம்பர் 6 அன்று மறைந்த நெல் ஜெயராமனை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. அவர் ஊர் சுற்றியதே குடும்பஸ்தர் என்பதால்தான் என்பது என் கட்சி. அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இதைச் சொல்லவில்லை. அது அவர் வீட்டார் விஷயம். நான் சொல்லும் குடும்பம் குதிருக்குள் இருந்தது.

2003-ல் இயற்கை விவசாயி நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடந்தார். காவிரி எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம். இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் எப்போதும் அப்படித்தான் போகவேண்டியிருக்கிறது. அந்த நடையில் ஜெயராமனும் இருந்தார். வழியில் விவசாயிகளிடமிருந்து சில மரபு நெல் வகைகள் கைக்கு வந்தன. தபால்தலை சேர்ப்பவராக இருந்தால் ஆல்பத்தில் ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். விதைநெல் அப்படி விடாது. ஓராண்டைத் தாண்டி வைத்திருந்தால் முளைப்புத்திறன் இறங்கத் தொடங்கும். காலாகாலத்தில் ஒரு வயலுக்கு அனுப்பியே ஆகவேண்டும். அதாவது கிடைத்த ஒவ்வொரு வகையும் வருஷாவருஷம் கல்யாணம் செய்துவைக்கவேண்டிய ஒரு பெண். சில என்று தொடங்கியது கடைசியில் 174 ஆனது. ஒரே பெண்ணுக்கு வரன் பார்த்தே செருப்புத் தேய்ந்த அப்பாக்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும்.

எல்லாப் பெண்ணும் எல்லா வீட்டுக்கும் ஒத்துவருவதில்லை. காட்டுயானம் ஆள் உயரத்தைத் தாண்டி வளரும், ஏறத்தாழ ஆறு மாதம் வயலைவிட்டு நகராது. பொறுமையுள்ள புகுந்த வீடு வேண்டும். அறுபதாம் குருவை இரண்டு மாதச் சமாச்சாரம். மாப்பிள்ளைச் சம்பாவுக்கு ஐந்து மாதத்துக்கு மேல் வேண்டும். உப்புத் தாங்கும் குழியடிச்சானைக் கடலோரத்துக்கு அனுப்பலாம். போன இடத்தில் வேறு நெல்லோடு கலந்துவிட்டால் பெயர் கெட்டது. கலவன் பார்த்துப் பிடுங்கச் சொல்ல ஒரு நடை போகவேண்டும். இத்தனைக்கும் நடுவில் 2006-லிருந்து ஆதிரெங்கத்தில் ஆண்டுதோறும் நெல் திருவிழா. அங்கே சீர்வரிசைதான் விசேஷம். வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம். அடுத்த ஆண்டு அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பெண்ணைப் பெற்றவருக்கு மாப்பிள்ளை வீட்டார் இரட்டிப்பாகச் சீர் செய்யும் வழக்கம் தஞ்சைத் தரணியில் வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

“இதெல்லாம் ஒரு பயணமா? எங்கள் தெருவில் சிங்கப்பூரிலும் துபாயிலும் முப்பது வருஷம் இருந்தவர்கள் உண்டே” என்று ஒரு மச்சான் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் துபாய்க்குப் போகிறவர் ஒருமுறை விமானம் ஏறினால் இரண்டு வருஷம் ஒரே கட்டடத்தில் இருப்பார். பயணத்தைக் கிலோமீட்டரால் அளப்பதா, ஏறி இறங்கிய பஸ்ஸால் அளப்பதா என்பதை முதலில் பேசித் தீர்க்கவேண்டும். திருத்துறைப்பூண்டிக்காரருக்கு அப்போது பஸ்தான் கதி. அகலப்பாதைப் பணி என்று சொல்லி ரயிலை ஆண்டுக்கணக்கில் நிறுத்தியிருந்தார்கள். திருவாரூர்–காரைக்குடி ரயில் திரும்பி வந்தது 2019-ல், அவர் போன பிறகு. வந்ததும் எப்படி வந்தது? கேட்டுக்கு ஆள் இல்லாததால் கேட்கீப்பரையும் ரயிலிலேயே ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு கேட்டிலும் அவர் இறங்கி மூடி, ரயில் தாண்டியதும் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டு வந்தது. விதை மூட்டையோடு அதில் ஏறியிருந்தால் வழியிலேயே முளைவிட்டிருக்கும்.

இன்னும் கனமான ஆட்சேபம் விளைச்சல் பற்றியது. உரமும் தண்ணீரும் தாராளமாக இருக்கும் வருஷத்தில் புது ரகங்கள் மாவுக்கு அதிக மூட்டை காணும். உயரமான பழைய ரகங்களில் பல, காற்றடித்தால் சாய்ந்து படுத்துவிடும். இதை மறைத்துப் பேசுகிற மரபு நெல் அன்பர்கள் தம் பெண்ணுக்குக் கோபமே வராது என்று சொல்லும் தரகர்கள். பிலிப்பைன்ஸிலிருந்து 1966-ல் வெளிவந்த ஐ.ஆர்.8 பல வீடுகளின் பசியைத் தீர்த்த மருமகள். குறை சொன்னால் நாக்கு அழுகும். ஆனால் அவளுடைய ஜாதகத்தையும் புரட்டிப் பார்க்கவேண்டும். தாய்வழி இந்தோனேசியாவின் பீட்டா, தந்தைவழி தைவானின் குட்டை நெல் டீ-ஜியோ-வூ-ஜென். அந்தக் குட்டை நெல் யாரோ பழைய விவசாயிகள் விடாமல் விதைத்துவந்தது. அந்த ஊரிலும் ஒரு ஜெயராமன் இருந்திருக்கவேண்டும். பெயர்தான் யாரும் எழுதிவைக்கவில்லை. மேட்டூர்த் தண்ணீர் எப்போது வந்துசேரும் என்று வாய்க்காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் கடைமடையில் எந்த வருஷத்துக்கு எந்த ரகம் தேவைப்படும் என்று ஜோசியரும் சொல்லமாட்டார். ஆகவே எல்லாப் பெண்களையும் உயிரோடும் பெயரோடும் வைத்திருப்பதே புத்திசாலித்தனம்.

கடைசியாக, கணக்குப்பிள்ளைகளின் கேள்வி: வாங்கிப் போனவர்கள் எல்லோரும் நான்கு கிலோவைத் திருப்பித் தந்திருப்பார்களா? நம் மக்களைத் தெரிந்த யாரும் ஆம் என்று சத்தியம் செய்யமாட்டார்கள். வங்கியாக இருந்தால் வாராக்கடன் என்று எழுதி, வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். இந்தக் கடனில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஏமாற்றியவர் ஏமாற்றிய விதையை வயலில் விதைத்தாலே போதும். வகை பிழைத்துவிடும், கொடுத்தவரின் காரியமும் முடிந்துவிடும். அவர் மறைந்த பிறகு, 2021-ல் தமிழக அரசு மரபு நெல்லைக் காக்கும் இயக்கம் ஒன்றை அவர் பெயரிலேயே அறிவித்தது. அரசிடம் விதை வாங்கினால் நான்கு கிலோ பாக்கி என்ற பேச்சு இல்லை. சிட்டா, அடங்கலோடு போய் நின்றால் சரி.