வத்தல் வெயிலும் தகட்டு வெயிலும்

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மாற்றல் என்றால் அரசு ஊழியர்களுக்கு அது தண்டனை. ‘தண்ணியில்லாக் காடு’ என்ற பேச்சைக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். கண்மாய் நிறையாத வருசங்களில் எங்களிடம் குறைவில்லாமல் இருந்தது வெயில் ஒன்றுதான். அதை யாரும் சொத்துக் கணக்கில் சேர்க்கவில்லை. அதே மாவட்டத்தில், கமுதிக்குப் பக்கத்தில், 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடத் தொடங்கியது. சுமார் 2,500 ஏக்கரில் 25 லட்சம் தகடுகள். ஒரே இடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியது அதுதான் என்றார்கள். எந்த வெயிலைச் சொல்லி எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்கத் தயங்கினார்களோ, அந்த வெயிலைத் தேடிப் பல ஆயிரம் கோடி ரூபாய் வந்து இறங்கியது.

எங்களுக்கு அது பெருமைதான். ஆனாலும், அதற்கு முன்பு எங்கள் வெயில் சும்மா கிடந்தது என்பதுபோல் யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது. அவர்கள் மாசி மாதத்து மிளகாய்க் களத்தைப் பார்த்ததில்லை.

எங்களுடையது முண்டு மிளகாய். உருண்டையாக, தோல் தடித்து இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ரகம். புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைப்பு. தையிலிருந்து சித்திரை வரை பழம் பறிப்பு. பறித்த பழத்தை உடனே வெயிலில் கொட்டக் கூடாது. ஓர் இரவாவது நிழலில் குவித்து வைத்தால்தான் அரைப்பழுப்பெல்லாம் ஒரே சிவப்புக்கு வரும். பிறகு களத்தில் பரப்ப வேண்டும், காலால் துழாவிப் புரட்ட வேண்டும், பனி இறங்குமுன் கூட்டிக் குவித்து மூட வேண்டும், விடிந்ததும் மறுபடி பரப்ப வேண்டும். நடுவில் ஒரு கோடைமழை விழுந்தால் பழம் வெளுத்து, விலை பாதிக்கு இறங்கிவிடும். அப்பத்தா ஒரு கை வத்தலை அள்ளிக் காதோரம் குலுக்குவார். உள்ளே விதை கலகலத்தால் சாக்கைக் கொண்டுவரச் சொல்வார். சத்தம் மந்தமாக இருந்தால், “இன்னும் ஒரு வெயில் வேணும் ஆத்தா” என்பார். ஈரப்பதம் பத்து, பதினொரு சதவீதத்துக்கு இறங்கினால்தான் வத்தல் பூஞ்சை பிடிக்காமல் இருக்கும் என்று வேளாண்மைக்காரர்கள் கருவி வைத்து அளக்கிறார்கள். அப்பத்தாவுக்கு அந்தக் குலுக்கல் போதுமானதாக இருந்தது.

வீட்டுக்குள்ளும் வெயில் இல்லாமல் எதுவும் நடக்காது. புளியைக் கொட்டை நீக்கி, உப்புப் போட்டு, காயவைத்துப் பானையில் அடைப்பார்கள். உளுந்துக்கும் துவரைக்கும் வெயில் காட்டினால்தான் வண்டு அண்டாது. கைப்பிள்ளையைக் குளிப்பாட்ட முற்றத்தில் அண்டாவில் நீர் ரொப்பி வைத்தால், மதியத்துக்குள் விறகில்லாமலே சூடேறிவிடும். பங்குனியில் கூழ் காய்ச்சி, நனைத்த வேட்டியில் வடகம் ஊற்றி, மறுநாள் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிப்பார்கள். கரையோரம் போனால் மண்டபத்திலும் பாம்பனிலும் கருவாடு, வாலிநோக்கத்தில் உப்பு. ஒரு மாவட்டமே வெயிலை வைத்துத்தான் தின்றது, விற்றது. ஆனால் இதில் ஒரு துளிகூட எந்த எரிசக்திப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை. விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கணக்கு எழுதியவர்கள் வெயிலுக்கு எழுதவில்லை.

வெயிலிலிருந்து மின்சாரம் வரும் என்பதை நான் முதலில் கண்டது கணக்குப்பொறியில்தான். நாலு சிறு கட்டம் போட்ட கறுப்புப் பட்டையை விரலால் மூடினால் எண் மங்கும், எடுத்தால் திரும்ப வரும். அதன் பிறகு வெகுகாலம் அது எங்கள் வாழ்க்கைக்குள் வரவில்லை. 2011இல் முதலமைச்சரின் பசுமை வீடு திட்டம் அறிவிக்கப்பட்டது: 300 சதுர அடி வீடு, கூரையில் தகடு, ஐந்து விளக்கு. அடுத்த வருசமே தமிழ்நாடு முழுவதும் மின்வெட்டு முற்றியது. எங்கள் பக்கம் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இருக்காது. மெத்தை வீட்டுக்காரர்கள் இருட்டில் விசிறிக்கொண்டிருக்க, ஊரின் கடைசியில் அந்தப் புது வீடுகளில் மட்டும் வெளிச்சம் இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் நோட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனார்கள். அதுவரை அந்தத் தெருவுக்குள் கால் வைக்காத வீட்டுப் பிள்ளைகளும் போனார்கள். சூரியத் தகடு எனக்குப் பிடித்துப்போனது அந்த நாட்களில்தான்.

இப்போது அண்ணன் வீட்டு மாடியிலும் மூன்று கிலோவாட் தகடு இருக்கிறது. 2024இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம். நல்ல நாளில் பன்னிரண்டு யூனிட் வரை வருகிறது. வீட்டுக்குப் போக மிஞ்சியது வாரியத்தின் கம்பிக்குப் போகிறது. மதினி கைப்பேசியில் அன்றன்றைக்கு யூனிட்டைப் பார்க்கிறார். ஒரு விசயம் மட்டும் அவருக்கு இன்னும் ஆறவில்லை: பட்டப்பகலில் கரண்ட் போனால் தகடும் நின்றுவிடுகிறது. பேட்டரி இல்லாமல் கம்பியோடு இணைத்த அமைப்பு அப்படித்தான். நின்றுபோன கம்பியில் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்தால், கம்பத்தில் ஏறிய லைன்மேன் உயிருக்கு ஆபத்து. காரணம் நியாயமானது. ஆனாலும் உச்சி வெயிலில், தகட்டுக்குக் கீழேயே விசிறியின்றி உட்கார்ந்திருப்பது கொடுமைதான்.

மதினியின் யூனிட் கணக்கிலிருந்து நான் தெரிந்துகொண்டது வேறு ஒன்று. வத்தலுக்கு நல்ல வெயில் தகட்டுக்கு நல்ல வெயில் அல்ல. தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம். அதன் திறனை 25 டிகிரிக்குத்தான் குறிக்கிறார்கள். அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றுக்கு 0.3 முதல் 0.4 வரை குறையும். கத்திரி வெயிலில் தகடு அறுபதைத் தாண்டிக் கொதிக்கும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வானம் தெளிந்து காற்று குளிர்ந்திருக்கும் மாசிதான் அதற்கு உகந்தது. வத்தலுக்கோ தரையும் சுட வேண்டும், காற்றும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரே சூரியனிடம் அப்பத்தா வாங்கியது சூடு. மதினி வாங்குவது வெளிச்சம்.

இதை மறந்துவிட்டுத்தான் இன்று வீடு கட்டுகிறோம். தகடு தன்மேல் விழும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. அந்த மின்சாரத்தை கீசரில் விட்டுத் தண்ணீர் சுடவைக்கிறோம். அதே மாடியில் குழாய் வைத்த சூரிய வெந்நீர்க் கலன் இருந்தால், விழும் வெயிலில் பாதிக்கு மேல் நேராகத் தண்ணீருக்குப் போயிருக்கும். சென்னையில் நான் இருக்கும் குடியிருப்பில் மாடியில் துணி காயப்போடத் தடை. வீட்டுக்கு வீடு துணி உலர்த்தும் இயந்திரம் ஓடுகிறது, வெளியே வெயில் கொளுத்துகிறது. சூடு வேண்டிய இடத்தில் சூட்டை நேராக வாங்கிக்கொண்டு, மின்சாரத்தை அது இல்லாமல் முடியாத வேலைக்கு வைத்துக்கொள்வதுதான் முறை. விளக்கு, விசிறி, மோட்டார் எல்லாம் அந்த வரிசை. இஸ்திரிக்கு வேண்டியதும் சூடுதான் என்றாலும் வெறும் வெயிலின் சூடு அதற்குப் போதாது; அதனால் இஸ்திரி வண்டியும் அதில் சேரும். அப்போது திருவண்ணாமலையில் பள்ளி மாணவியாக இருந்த வினிஷா உமாசங்கர் வடிவமைத்த சூரிய இஸ்திரி வண்டிக்கு 2020இல் சர்வதேசப் பரிசு கிடைத்தது. கூரைத் தகடு பேட்டரியை ஏற்றும், இஸ்திரிப் பெட்டி அதில் சுடும். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்தே பிழைத்த ஊர்க்காரியான எனக்கு, அந்தச் செய்தி கரிப்புகைக்கு நடுவே நின்றவர்களின் முகங்களோடுதான் வந்தது.

களத்துக்கும் காலம் வந்திருக்கிறது. தரையில் காயும் வத்தலில் மண் ஒட்டும், நாய் நடக்கும், மழை கெடுக்கும். அதை மறைத்துப் பழமையைப் பாட எனக்கு மனமில்லை. இப்போது சூரியக் கூடார உலர்த்தி என்று ஒன்று வந்திருக்கிறது. ஒளி புகும் தகட்டால் மூடிய கூடாரம். உள்ளே வெப்பம் தங்கும், ஈரக்காற்று வெளியேறும். பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக்கு அது நன்றாக உழைக்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறை அதற்கு மானியமும் தருகிறது. முண்டு மிளகாய் விளையும் ஒவ்வொரு ஊருக்கும் பொதுவில் ஒன்று வேண்டும். தகட்டுக்கு வீடுவீடாக வந்து எழுதிக்கொள்கிறவர்கள், இதற்கும் ஒருமுறை களத்துக்கு வரட்டும்.

அண்ணன் மாடியில் இன்னும் இரண்டு தகடு போட ஆசைப்படுகிறார். மதினி வடகம் ஊற்றும் இடம் அது. “ஆளுயரத்துக்கு மேல தூக்கிப் போடுங்க, வெயில் படுற தெக்கு ஓரத்த எனக்கு விட்ருங்க” என்று மதினி சொல்லிவிட்டார். தகட்டு நிழலிலும் அவருக்கு வேலை இருக்கிறது; முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் நிழலில் காய்ந்தால்தான் பச்சை மாறாது. இரும்புச் சட்டத்துக்கு எவ்வளவு ஆகும் என்று இப்போது விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.