கவனம் சிதறினால் காசும் சிதறும்

ஏடிஹெச்டி என்னும் கவனக்குறைபாடு உள்ளவருக்கு வரிசையில் நிற்பதும் படிவம் நிரப்புவதும் தேதியை நினைவில் வைப்பதும் பெரும்பாடு. வைத்தியம் வேண்டுமென்றால் நம் ஊரில் முதலில் கேட்கப்படுவது இந்த மூன்றும்தான். தனியாரிடம் போனால் வரிசை குறையும். கூடவே பர்ஸின் கனமும். "வாரம் ஒருமுறை மறக்காம வந்துடுங்க" என்பார் தெரபிஸ்ட். அது முடிந்தால் இவர் அவரிடம் ஏன் போகப்போகிறார்?

இதற்குத் தரப்படும் மீத்தைல்ஃபெனிடேட் மாத்திரை 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது. கட்டுப்பாடு வேண்டியதுதான். ஆனால் சீட்டைத் தொலைப்பதே இதன் அறிகுறி ஆயிற்றே! 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டும் ஏடிஹெச்டிக்குத் தனி இடம் தரவில்லை. கவனக்குறைவு யாருக்குத்தான் இல்லை?

வீட்டு வைத்தியம் மலிவு: "வல்லாரை சாப்பிடு, ஒழுங்கா உட்காரு." பெரியப்பா ஃபீஸ் வாங்குவதில்லை, அதனால் நிறுத்துவதுமில்லை.

இலவச வழியும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸில் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே காசில்லாமல் பேசலாம். எண்ணை இப்போதே போனில் ஏற்றிவிடுங்கள். 'அப்புறம்' என்றால் நடக்காது.