தேர்வு பார்க்காத கணக்கு

கேள்வி: ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவரெல்லாம் நல்லாசிரியர்தானா?

பதில்: பாடம் தெரிந்தவர் என்று நம்பலாம், அந்தக் காவல் அவசியம். கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி 2010இல் எட்டாம் வகுப்புவரைக்கும் கட்டாயமான இத்தேர்வில் 150 கேள்விகள். பொதுப்பிரிவினர் தேற 90 மதிப்பெண் வேண்டும். அதில் 30 கேள்விகள் குழந்தை வளர்ச்சியையும் கற்பித்தலையும் பற்றியவைதான். ஆனால் அவற்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்தால் போதும். வகுப்பறையிலோ, 52இலிருந்து 27 போக 35 என்று எழுதுகிறாள் ஒரு சிறுமி. ஒன்றின் இடத்தில் கடன் வாங்காமல், பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறாள். அதைக் கண்ட நொடியில் பிடிப்பவரே ஆசிரியர். ஓஎம்ஆர் தாளில் அந்தத் திறமை தெரியாது. வகுப்பெடுக்கச் சொல்லி மதிப்பெண் போட்டால் சிபாரிசு நுழையுமே என்பார்கள். நியாயமான பயம். எனவே மதிப்பெண்ணே வேண்டாம். தேர்வு இப்படியே இருக்கட்டும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டு முழுக்க, மூத்த ஆசிரியர் ஒருவர் வாரம் ஒருமுறை பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தட்டும்.