தௌக்கேயும் 19 வயசு முட்டியும்

வாங்க தௌக்கே, உட்காருங்க. பிரிக்பீல்ட்ஸ்ல இத்தனை சாப்பாட்டுக்கடை இருக்க, நீ இந்த மாமனைத் தேடி வந்திருக்கேன்னா ரெண்டுல ஒண்ணு. கடன் வேணும், இல்லேன்னா ஏற்கெனவே முடிவு பண்ணிட்ட காரியத்துக்கு ஒரு பெரிய மனுசன் தலையாட்டணும். கடன் கிடையாது. தலை வேணும்னா ஆட்டுறேன், எந்தப் பக்கம் ஆடும்னு மட்டும் கேக்காதே.

சரி, சங்கதிக்கு வா. எழுவர் பந்துப் போட்டி. ஆளுங்களை லெலோங் போட்டு எடுக்கிறாங்க. குழுவுக்கு 5,000 வெள்ளி, 10 பேரு. கிள்ளான் பையன் ஒருத்தன், வயசு 19, காலேஜ்ல படிக்கிறான், பந்து காலோட ஒட்டிக்கிட்டே போகுதுங்குற. போன வருசம் முட்டியில ஏ.சி.எல்.ங்குற நார் கிழிஞ்சு ஆபரேசன். அவன் ஒருத்தனுக்கே 3,000 கொட்டலாமான்னு கேக்குற. கேக்குறப்பவே போனை என் மூக்குக்கிட்ட நீட்டி அவன் போட்ட கோலைத் திருப்பித் திருப்பிக் காட்டுற. அருமையான கோல்தான், இல்லேங்கல. ஆனா மருமகனே, அது ஆபரேசனுக்கு முந்தி எடுத்த வீடியோ. அதுல ஓடுறது பழைய முட்டி. நீ வாங்கப் போறது புது முட்டி. அதோட வீடியோ எங்கே?

முகத்தைச் சுளிக்காதே. "நொண்டியை வாங்காதே"ன்னு சொல்ல வரல. அதைச் சொல்ல மாமன் எதுக்கு, உன் பொண்டாட்டியே சொல்லும். நான் சொல்ல வர்றது வேற.

தமிழ் தலைவாஸ் கபடிக் குழு தெரியும்ல? 2022 ஆகஸ்ட்ல புரோ கபடி ஏலம். பவன் செராவத்துன்னு ஒருத்தன், எதிராளி பக்கம் பாடிப் போறவன். பெங்களூர் புல்ஸ்ல ஆடி, வரிசையா 3 சீசன் அவன்தான் பாடி எடுத்த புள்ளியில முதல் ஆள். காயம் கீயம்னு யாரும் கவலைப்படல. ஆளு தேக்குமரம். நம்மாளுங்க 2.26 கோடி ரூபாய்க்குத் தூக்குனாங்க, அன்னைக்குத் தேதியில கபடியிலேயே அதிக விலை. குழுவோட மொத்தப் பணமே 4.4 கோடி. அதுல பாதிக்கு மேல ஒரே ஆளுக்குப் போச்சு. அக்டோபர்ல போட்டி ஆரம்பம். முதல் ஆட்டம். இவன் பாடுறவன், ஆனா எதிராளி உள்ளே வந்தா சும்மா நிப்பானா? பிடிக்கப் பாய்ஞ்சான். முட்டி போச்சு. தூக்கிட்டுத்தான் போனாங்க. அந்த சீசன் முழுக்க அவன் திரும்பி வரல. 2.26 கோடி பெஞ்சுல கூட உட்காரல, வைத்தியத்துக்குப் போயிடுச்சு.

நல்லா இருந்த ஆளு, தௌக்கே. எக்ஸ்ரே பாத்து வேண்டாம்னு சொல்ல அங்கே ஒண்ணுமே இல்ல. அதனால முட்டியைச் சோதிச்சுட்டா ஆபத்தே இல்லேன்னு நினைக்காதே.

அப்புறம் நடந்ததைக் கேளு. தலைவாஸ் கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் வாயில அரிசி போட்டாச்சு. நரேந்தர்னு ஒரு புதுப் பையன், எவனும் பேர் கேட்டதில்ல. அவன் பாட ஆரம்பிச்சு அந்த சீசன்ல 243 புள்ளி எடுத்தான். நடுவுல கோச்சும் மாறி அஷன் குமார் வந்தாரு. அதுக்கு முன்னால ஒரு தடவை கூட பிளே-ஆஃப் வாசப்படி மிதிக்காத குழு, அந்த வருசம் அரை இறுதி வரைக்கும் போச்சு. பெரிய ஆளு இல்லாமலே!

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. அடுத்த வருசம் பவன் முட்டி தேறி, ஹாங்சோ ஆசிய விளையாட்டுல இந்தியாவுக்குக் கேப்டனா நின்னு தங்கம் வாங்கினான். அதே பருவத்து ஏலத்துல தெலுகு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தாங்க. முட்டி உடையறதுக்கு முந்தின விலையை விட உடைஞ்சதுக்கு அப்புறம் விலை கூட! அவனும் ஆடினான், குறைஞ்ச ஆட்டம் இல்ல, 200 புள்ளிக்கு மேல எடுத்தான். குழு எத்தனாவது தெரியுமா? 12 குழுவுல 12-வது. ஆளு இல்லாதப்போ அரை இறுதி, ஆளு இருந்தப்போ கடைசி. இப்போ சொல்லு, முட்டி மட்டுமா குழுவோட தலையெழுத்தை எழுதுது?

அதனால என் முதல் கேள்வி பையனோட முட்டியைப் பத்தி இல்ல. உன் மீதி 2,000 வெள்ளியைப் பத்தி. 9 பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு 222 வெள்ளி. அந்தக் காசுக்கு வர்றவன் பந்தை விட நாசி லெமாக்கைத்தான் அதிகமா துரத்துவான். தலைவாஸாவது பாதிப் பணத்தைத்தான் ஒரு காலுல வச்சாங்க. நீ அதையும் தாண்டிட்டியே!

சரி, எடுக்கவே கூடாதான்னா, அதுவும் இல்ல. அடிபட்டவனை எல்லாரும் பயந்து விடுறப்போதான் விலை இறங்கும். கிரிக்கெட்டுல நம்ம தமிழ்நாட்டு வருண் சக்கரவர்த்தியைப் பாரு. 20 லட்சம்னு ஆரம்பிச்ச ஆளை 2018 டிசம்பர் ஏலத்துல பஞ்சாப் 8.4 கோடிக்கு வாங்குச்சு. ஒரே ஒரு ஆட்டம். அப்புறம் விரல்ல காயம். வேண்டாம்னு விட்டுட்டாங்க. அடுத்த ஏலத்துல கொல்கத்தா பாதிக்கும் குறைஞ்ச விலைக்கு, 4 கோடிக்கு எடுத்துச்சு. 2020-ல 17 விக்கெட். 2024-ல 21 விக்கெட், கப்பும் கொல்கத்தாவுக்கு. பஞ்சாப் 8.4 கோடி கொடுத்து விரலைப் பாத்துச்சு. கொல்கத்தா 4 கோடி கொடுத்து அந்த விரல் போடுற பந்தைப் பாத்துச்சு. முந்தினவன் காசுல காயம் ஆறும், பிந்தினவன் காசுல விக்கெட் விழும். நீ பிந்தினவனா இரு.

ஆனா எல்லாக் காயமும் ஒரே சாதி இல்ல. இதுலதான் உன்ன மாதிரி படிச்ச புள்ளைங்க கோட்டை விடுறீங்க. கெடா பொண்ணு சிவசங்கரி சுப்பிரமணியம், ஸ்குவாஷ். 2022 ஜூன்ல காடி விபத்து. கழுத்துலயும் முகத்துலயும் எலும்பு முறிவு. அந்த வருசக் காமன்வெல்த் போட்டி போயிடுச்சு. இனிமே எங்கே ஆடப் போகுதுன்னு பேசுன வாய் எத்தனை! அடுத்த வருசம் ஆசிய விளையாட்டுல குழுவோட தங்கம், தனியாள்ல வெள்ளி. 2024-ல லண்டன்ல போய் எகிப்துக்காரப் பொண்ணு ஹானியா எல் ஹம்மாமியை இறுதியில அடிச்சுப் பட்டம் வாங்கிட்டு வந்துச்சு. ஏன்? அந்தக் காயம் ரோடு கொடுத்தது. அது ஆடுற விதத்துக்குள்ள உட்காந்திருந்த காயம் இல்ல.

இன்னொரு சாதிக் காயம் இருக்கு, அது திறமையோட கூடப் பிறந்தது. காப்பார் பக்கத்துத் தோட்டத்துல நான் ரப்பர் மரம் வெட்டுன காலத்துல பாத்திருக்கேன். நல்லாப் பால் கொடுக்கிற மரத்தைத்தான் எல்லாரும் ஆசையா வெட்டுவாங்க. முதல்ல பட்டை வறண்டு போறதும் அந்த மரம்தான். வெட்டாம மாசக்கணக்குல விட்டா சிலது திரும்பும், சிலது திரும்பாது. சோம்பேறி மரத்துக்கு அந்த வியாதி அவ்வளவா வராது. மயங்க் யாதவ்னு லக்னோ குழுவுல ஒரு பையன், 2024-ல மணிக்கு 156.7 கிலோமீட்டர் வேகத்துல பந்து போட்டான். அவன் விலையும் அந்த வேகம்தான், அவன் இடுப்பும் விலாவும் போறதும் அதே வேகத்தாலதான். அந்த சீசன்ல 4 ஆட்டம். 11 கோடி கொடுத்து வச்சுக்கிட்டாங்க. 2025-ல 2 ஆட்டம். காயம் வராம இருக்க மெதுவாப் போடுன்னு சொன்னா, 11 கோடிக்கு மெதுவாப் போடுற ஆளா வேணும்?

ஆக, உன் கிள்ளான் பையன் கேஸ்ல கேக்க வேண்டியது இது. முட்டி எப்படிக் கிழிஞ்சது? எவனாவது மேல வந்து விழுந்து கிழிஞ்சதா, இல்ல யாரும் தொடாமலே, ஓடுற வேகத்துல திடீர்னு திரும்புறப்போ தானாக் கிழிஞ்சதா? அந்தத் திருப்பம்தானே நீ வீடியோவுல வாயப் பொளந்து பாக்குற வித்தை? அப்போ கவனம். ஆபரேசன் ஆகி எத்தனை மாசம்? 9 மாசத்துக்கு முன்னால களத்துல இறங்குனவங்களுக்கு மறுபடி கிழியறது அதிகம்னு டாக்டருங்க எச்சரிக்கிறாங்க. அதுவும் இள வயசுல. சில பேருக்கு நல்ல காலே கிழிஞ்சுடும். ஒத்தக்கால்ல தாவச் சொல்லி ரெண்டு பக்கமும் எவ்வளவு தூரம்னு அளந்து பாப்பாங்க. அடிபட்ட கால் மற்றதுக்குப் பத்துல ஒன்பது பங்காவது வரணும். இதெல்லாம் ஃபிசியோ எழுதிக் கொடுத்த தாள் இருக்கும். கேளு. "தாள் வீட்டுல இருக்கு அண்ணே"ன்னா, நீயும் காசு வீட்டுல இருக்குன்னு சொல்லு.

தாளே இருந்தாலும் மாமன் சோதனை ஒண்ணு உண்டு, காசு செலவில்ல. துன் சம்பந்தன் மோனோரயில் ஸ்டேசனுக்குக் கூட்டிட்டு வா. படி ஏறுறப்போ பாக்காதே, ஏறும்போது எல்லாரும் வீரன்தான். இறங்கும்போது பின்னால நின்னு பாரு. பேச்சுக் கொடுத்துக்கிட்டே இறங்கச் சொல்லு, அப்பதான் நடிப்பு மறந்துபோகும். கை தானாக் கம்பியைத் தேடுதா? ஒவ்வொரு படியிலும் அதே கால்தான் முதல்ல இறங்குதா? அடிபட்ட கால் மேல உடம்பு பாரம் வர்ற அந்த நொடியில முட்டி உள்பக்கமாச் சாயுதா? கடைசிப் படியில ஒரு சின்னக் குதிப்பு குதிக்கிறானா, இல்ல தரையைத் தடவிப் பாத்து வைக்கிறானா? குதிச்சான்னா, ஆபரேசன் பண்ணது முட்டியை, பயத்தையும் சேத்து எடுத்துட்டாங்கன்னு அர்த்தம். தடவுனா பயம் இன்னும் உள்ளேதான் இருக்கு.

அப்படியே இங்கே நம்ம பக்கம் கண் தெரியாதவங்க உடம்பு பிடிச்சுவிடுற கடை இருக்கே, அங்கேயும் கூட்டிட்டுப் போ. தசைப் பிடிப்பை எடுத்துவிடுவாங்க. கிழிஞ்ச நாரை ஒட்ட முடியுமான்னு கேட்டுப் பாரு, "அது டாக்டர் வேலை தம்பி"ன்னு அவங்களே சொல்லுவாங்க. அந்த நேர்மை ஆளு பிடிச்சுக் கொடுக்கிற புரோக்கர்கிட்ட இருக்காது.

விலைக்கு வருவோம். 1,500-க்கு மேல ஒரு காசு ஏத்தாதே. அவன் இல்லாத நாளைக்கு முன்னால நிக்க இன்னொருத்தனை அதே லெலோங்குல எடுத்துடு, அப்புறம் பாத்துக்கலாம்னு விடாதே. இன்னொண்ணு. உன் மூளை இப்போ எங்கே ஓடுதுன்னு எனக்குத் தெரியும். "ஆடினாத்தான் காசு"ன்னு ஒப்பந்தம் போட்டுத் தப்பிச்சிடலாம்னு பாக்குற. கெட்டிக்காரன்தான். ஆனா அப்படிப் போட்டா, முட்டி வலிச்சா அவன் வாயைத் திறப்பானா? மாத்திரையைப் போட்டுக்கிட்டு வந்து நிப்பான். உன் 50 வெள்ளியை மிச்சம் பிடிக்கப் போய் பையன் காலை முழுசாத் தின்னுடுவ. பேசுன தொகையைக் குறைச்சுப் பேசு, ஆடினாலும் ஆடாட்டாலும் கொடு. அப்பதான் வலியை உன்கிட்ட மறைக்க மாட்டான்.

கடைசியா ஒண்ணு. அமெரிக்காவுல மயாமின்னு ஒரு ஃபுட்பால் குழு, நம்ம காலால ஆடுற பந்து இல்ல, அவங்க கையில பிடிச்சு ஓடுற ஃபுட்பால். 2006-ல தோள் கிழிஞ்ச ட்ரூ பிரீஸ், முட்டி கிழிஞ்ச கல்பெப்பர், ரெண்டு பேர்ல ஒருத்தனை எடுக்கணும். ரெண்டுமே ரிப்பேர் சாமான். டாக்டருங்க தோளுக்குப் பயந்தாங்க, முட்டியை எடுத்தாங்க. அந்த முட்டி 4 ஆட்டம் ஆடுச்சு. தோள் நியூ ஆர்லியன்ஸுக்குப் போயி 2010-ல அந்த நாட்டுப் பெரிய கப்பை வாங்குச்சு. அதே மயாமி 2020-ல காலேஜ் பசங்களைப் பொறுக்கி எடுக்கிற தேர்வுல டுவா டகோவைலோவாவை அஞ்சாவது ஆளா எடுத்தாங்க. முந்தின நவம்பர்லதான் அவனுக்கு இடுப்பு மூட்டு விலகியிருந்துச்சு. ஊரே இடுப்பு, இடுப்புன்னு பேசுச்சு. இடுப்பு தாங்கிடுச்சு. 2022 செப்டம்பர் 25-ந் தேதி தலையில அடி. தள்ளாடுனான். அன்னைக்கே திரும்பி இறங்கி ஆடினான். நாலே நாள்ல அடுத்த ஆட்டம், மறுபடி தலை, ஸ்டிரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்க. நாடே கொதிச்சுப்போய் விதியையே மாத்தினாங்க. பயந்தது இடுப்புக்கு. வினை வந்தது அவசரத்தால.

அதனால பையனுக்குச் சோதனை வைக்கிறதுக்கு முன்னால உனக்கு ஒரு சோதனை வைக்கிறேன், ஒழுங்காப் பதில் சொல்லு. இறுதி ஆட்டம். 2-1-ல பின்தங்கி நிக்கிற. 10 நிமிசம்தான் பாக்கி. பையன் வெளியே உட்காந்து முட்டியில ஐஸ் வச்சிருக்கான். ஸ்பான்சர் பக்கத்துல நின்னு உன் காதைக் கடிக்கிறாரு. பையனும் "அண்ணே, நான் ரெடி"ன்னு எந்திரிக்கிறான். அப்போ நீ, "உட்காருடா"ன்னு சொல்லுவியா?

பாத்தியா, யோசிக்கிற. அப்போ 1,500-க்கும் எடுக்காதே. அவனை வேற தௌக்கே எடுக்கட்டும்.