சீட்டுறை இலக்கணம்

சீட்டுறையாவது, மேசை விளையாட்டுச் சீட்டை அழுக்கு, ஈரம், தேய்வு, விருந்தாளி ஆகிய நான்கிலிருந்தும் காப்பதற்காக இடப்படும், ஒரு பக்கம் திறந்த பிளாஸ்டிக் உறை. ஆடுவோர் வழக்கில் இது ஸ்லீவ். விருந்தாளியைத் தனியே எண்ணியது ஏன் எனின், வறுவல் தின்று, குளிர்ந்த கோப்பையைப் பிடித்த ஒரே கை முதல் மூன்றையும் ஒருங்கே கொண்டுவரும் ஆதலால் என்க.

தேவை: சீட்டு என்பது அச்சிட்ட காகிதமே. கலைக்கக் கலைக்க அதன் ஓரம் வெளுக்கும், மூலை மழுங்கும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 2008இல் வெளிவந்த டொமினியன் ஆட்டம். அதன் பெட்டியில் 500 சீட்டுகள். ஒவ்வொருவரும் 7 செம்புக்காசு, 3 பண்ணை என 10 சீட்டுகளுடன் தொடங்கி, முறைக்கு ஐந்தாக எடுத்து, கட்டு தீர்ந்தபோதெல்லாம் கலைக்க வேண்டும். செம்புக்காசு எல்லா ஆட்டத்திலும் வரும். பிற சீட்டுகளிற் பல, சில ஆட்டங்களில் மட்டுமே வரும். எனவே செம்பே முதலில் தேயும். தேய்ந்த செம்பை முதுகைப் பார்த்தே அறியலாம். ஆகவே உறை காப்பது அழகை மட்டுமன்று, மறைவையும் என்பது பெறப்படும். மேஜிக் தி கேதரிங் போட்டிகளில் உறையிடுவோர் கட்டு முழுவதற்கும் ஒரே மாதிரி உறை இட வேண்டும் என விதித்ததும் இக்கருத்தாலேயே.

அளவு: மேஜிக், போக்கிமான் சீட்டுகள் 63 × 88 மி.மீ. யு-கி-ஓ 59 × 86. ஐரோப்பிய அளவு 59 × 92. டிக்ஸிட் சீட்டு 80 × 120. உறை இவற்றைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக இருத்தல் வேண்டும். குறைந்தால் சீட்டு வளையும். மிகுந்தால் உள்ளே ஆடும். ஒரே பெட்டிக்குள் இருவகை, மூவகை அளவுகள் வருவதும் உண்டு. அது வடிவமைப்பாளரின் உரிமை, வாங்குவோரின் ஊழ்.

எண்ணிக்கை: உறைகள் பெரும்பாலும் ஐம்பதாகவோ நூறாகவோ விற்கப்படும், சீட்டுகள் அவ்வாறு அமைவது அரிது. சாதாரணச் சீட்டுக்கட்டில் ஜோக்கர் இரண்டும் சேர 54. ஐம்பது உறைகள் கொண்ட கட்டு வாங்கினால் நான்கு சீட்டுகள் வெறுமேனியாய் நிற்கும். இன்னொரு கட்டு வாங்கினால் 46 உறைகள் எஞ்சும். எஞ்சிய உறைக்காகப் புதிய விளையாட்டு வாங்குதலும், அதில் எஞ்சிய சீட்டுக்காகப் புதிய உறை வாங்குதலும் இத்துறையின் பொருளியல்.

மூலப்பொருள்: பிவிசி உறைகளில் சேர்க்கப்படும் மென்மையூட்டிகள் காலப்போக்கில் கசிந்து, காக்க வந்த பொருளையே கெடுக்கும். ஆதலால் இன்றைய நல்லுறைகள் பாலிபுரொப்பிலீனால் ஆனவை. தடிமன் மைக்ரானில் சொல்லப்படும்: 40 மெல்லியது, 100 தடித்தது. மெல்லியது மலிவு, விரைவில் கிழியும். தடித்தது உழைக்கும், பெட்டியைத் திறக்கும். பெட்டியைத் திறத்தல் கணக்கால் நிறுவப்படும். ஒரு சீட்டு ஏறத்தாழ 0.3 மி.மீ. எனக் கொள்க, 500 சீட்டுகள் 15 செ.மீ. உயரும். முன்னும் பின்னும் 100 மைக்ரான் கூடினால் அதே அடுக்கு 25 செ.மீ. ஆகும். பெட்டியோ வளர்வதில்லை. முதலில் உள்தட்டு குப்பைக்குப் போகும். பின் மூடி, மூடாமல் மேலே மிதக்கும்.

புணர்ச்சி: சீட்டும் உறையும் சேருமிடத்து இயல்பு புணர்ச்சி இல்லை, விகாரம் மூன்றும் உண்டு. தோன்றல்: இடையில் காற்று தோன்றி அடுக்கு உப்பும், வழுக்கல் தோன்றி அடுக்கு சரியும். திரிதல்: விரலால் மடக்கிச் சரசரவெனக் கலைக்கும் முறை, கட்டை இரண்டாக்கி ஒன்றனுள் ஒன்றைச் செருகும் முறையாகத் திரியும். கெடுதல்: துணிநெசவு போன்ற மேற்பரப்பின் தொடுசுகம் கெடும், பளபளப்பு உறையாயின் விளக்கொளி பட்டு எழுத்தும் கெடும். கடைசிக் கேட்டுக்குப் பரிகாரம் மங்கல் உறை.

சமயங்கள்: உறையிடுவோர், உறையிடார், இடைநிலையார் என மூன்று. எல்லா உறைகளின் விலையையும் கூட்டினால் இன்னொரு பெட்டியே வாங்கலாம் என்பது உறையிடார் வாதம். அந்தப் பெட்டி அப்போது அச்சில் இருக்காது என்பது உறையிடுவோர் மறுப்பு. இடைநிலையார் அதிகம் புழங்கும் சீட்டுக்கு மட்டும் உறையிடுவர். உறையுள்ளதும் இல்லாததும் ஒரே கட்டில் கலந்தால் எது எதுவென்று குருடரும் அறிவர் ஆதலால், இருதிறத்தாராலும் இவர்கள் கண்டிக்கப்படுவர்.

இரட்டையுறை: மேஜிக் ஆடுவோரிற் சிலர் இறுக்கமான உள்ளுறையில் சீட்டைத் தலைகீழாக நுழைத்து, அதன் வாய் அடைபடும்படி வெளியுறையில் இடுவர். காப்பதற்குக் காப்பு வேண்டுமெனின் அதற்கும் காப்பு வேண்டும் என்ற முடிவிலிக் குற்றம் இங்கு எழும். அதற்கு எல்லை கண்டவர் சேகரிப்போர். மேஜிக்கின் 1993ஆம் ஆண்டு ஆல்ஃபா பதிப்பைச் சேர்ந்த பிளாக் லோட்டஸ் சீட்டு ஒன்று 2021 ஜனவரியில் 5,11,100 டாலருக்கு ஏலம் போனது. அது கடினப் பிளாஸ்டிக் பேழைக்குள் முத்திரையிடப்பட்டிருந்தது. அந்நிலையில் அதைக் கலைக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. காப்பு நிறைவுறும் இடத்தில் ஆட்டம் நின்றுவிடும் என்பது இதன் கருத்து.

விலக்கு: குளூம் ஆட்டத்தின் (2005) சீட்டுகள் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக், உறை மிகை. மிஸ்டிக் வேலில் (2016) உறைக்குள் தகடுகளைச் செருகிச் சீட்டை ஆக்குவதே ஆட்டம். உறை காவல் அன்று, உறுப்பு. ரிஸ்க் லெகசியோ (2011) சில சீட்டுகளைக் கிழித்தெறியவே பணிக்கும். அங்கே உறையிடுதல் விதிமீறல்.

புறனடை: இங்குச் சொல்லாதவற்றுக்குப் பொதுவிதி வருமாறு. அடிக்கடி கலைக்கப்படுதல், பிறர் காணாமல் பிடிக்கப்படுதல், மறுபடி வாங்கக் கிடைக்காமை என்னும் மூன்றில் இரண்டேனும் பொருந்தினால் உறையிடுக. ஒன்றும் பொருந்தாவிடில் விடுக. ஒன்று மட்டும் பொருந்தினால் ஆடுவோர் கூடி வாதிட்டு முடிவுசெய்க. வாதம் ஆட்டத்தினும் நீளுமாயின் உறையின்றி ஆடுதல் மரபு.