ஒரு முழத் தூரத்துக்கு ஒரு விண்ணப்பம்

நகரத்து மூக்குக்கண்ணாடிப் பெருங்கடை ஒன்றின் விலை நிர்ணய இலாகா அதிபதிகள் சமூகத்துக்கு, கிட்டப்பார்வைக்காரன் ஒருவன் எழுதிக்கொண்டது.

ஐயன்மீர்,

10 டயாப்டர் கிட்டப்பார்வையும், ஐம்பதைக் கடந்த வயதும், அச்சகத்தில் புரூஃப் திருத்துகிற உத்தியோகமும் ஒருங்கே வாய்த்த ஓர் ஆசாமி தங்கள் படியேறுவது வியாபாரத்துக்கு எத்துணைச் சுபசகுனம் என்பதை, தங்கள் சிப்பந்தி என்னை உட்காரவைத்து, நான் வாய் திறக்குமுன்பே புரோகிரசிவ் லென்ஸின் மகிமையைப் பிரசங்கிக்கத் தொடங்கிய உற்சாகத்திலிருந்தே தெரிந்துகொண்டேன்.

என் தேவையோ அற்பமானது. கண்ணாடியைக் கழற்றினால் 10 சென்டிமீட்டரில் எழுத்து தெளிவாகத் தெரியும். ஆனால் மூக்கினால் புரூஃப் திருத்தும் வித்தை எனக்கு இன்னும் கைவரவில்லை. மாட்டிக்கொண்டாலோ தெருக்கோடிப் பெயர்ப்பலகை துலங்குகிறது, மேஜைமேல் உள்ள காகிதம் வெள்ளெழுத்தின் உபயத்தால் மங்கிவிடுகிறது. எனக்குச் சோறு போடும் அந்தக் காகிதம் இருப்பது முழத்துக்குச் சற்றுக் குறைவாக, 40 சென்டிமீட்டர் தூரத்தில். அதற்காக இரண்டரை டயாப்டரைத் தள்ளி, மைனஸ் பத்தை மைனஸ் ஏழரையாக்கினால் காரியம் முடிந்தது. தூரப்பார்வைக்குப் பழுதின்றி வெள்ளெழுத்து மட்டும் கண்ட பாக்கியசாலிகளுக்குப் பாரிமுனை நடைபாதையிலேயே பிளஸ் கண்ணாடிகள் பரப்பி வைக்கப்பட்டிருக்கின்றன. எனக்குரிய மைனஸ் அங்கே அகப்படாதாகையால் தங்கள் சந்நிதானத்துக்கு வரலாயிற்று. தாங்கள் புகழும் புரோகிரசிவில் படிப்பதற்கென்று அமைந்த இடம் அடிப்பாகத்தில் ஒரு சிறு சந்து. அகலமான புரூஃபை அதன் வழியே நாள் முழுதும் படிப்பவனுக்குக் கழுத்து வலியும் சலுகையில் சேர்த்தியா என்று சிப்பந்தி சொல்லவில்லை.

தங்கள் சாதுரியத்தில் நான் பெரிதும் வியப்பது ஃபிரேம் விஷயமே. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருக்குமென்பதும், ஓரம் நடுவிலிருந்து விலக விலக அத்தடிப்பு ஏறத்தாழ அத்தூரத்தின் வர்க்கத்தை அனுசரித்து ஏறுமென்பதும் தாங்கள் அறியாத சாஸ்திரமல்ல. அறிந்திருந்தும், பாதிக் கன்னத்தை மறைக்கும் சதுர ஃபிரேம் ஒன்றை நாகரிகத்தின் பெயரால் என் முகத்தில் ஏற்றி, அதனால் லென்ஸின் ஓரம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்துவிடுமென்று அனுதாபத்தோடு அறிவித்து, அத்தடிப்பைத் தணிப்பதற்கென்று 1.74 ஒளிவிலகல் எண்ணுள்ள லென்ஸை மலைக்கத்தக்க கிரயத்துக்கு முன்வைக்கிறீர்களே, நோயையும் மருந்தையும் ஒரே பில்லில் எழுதும் இந்த நேர்த்தியை எந்த வைத்தியனும் எட்டியதாகத் தெரியவில்லை. கண்மணிகளின் இடைவெளிக்குப் பொருந்திய சிறிய வட்ட ஃபிரேமில், 1.5 எண்ணுள்ள சாதாரண பிளாஸ்டிக் லென்ஸே, குறைந்த பவரும் துணைசெய்ய, அதில் பாதித் தடிப்புக்குள் அடங்கிவிடும். அப்படியொரு ஃபிரேமைக் கேட்டதற்கு, அவை குழந்தைகள் அலமாரியில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பதில் எனக்கு மான நஷ்டம் ஏதுமில்லை.

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற விளம்பரத்தின் அடியில், மைனஸ் ஆறுக்கு மேற்பட்டோருக்கு இது பொருந்தாது என்று பொடியெழுத்தில் போட்டிருக்கிறீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தருகே பிடித்துப் படிக்கும் எங்களைத் தவிர எவராலும் வாசிக்க இயலாத எழுத்தில், எங்களை மாத்திரமே விலக்கிவைத்திருக்கும் சிக்கனம் பாராட்டத்தக்கது. பார்வைக் கண்ணாடிகளுக்கான ஜி.எஸ்.டி.யை அரசாங்கம் 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறைத்ததை மட்டும் பெரிய எழுத்தில் கண்டு மகிழ்ந்தேன். மிஞ்சிய தொகை புதிதாக முளைத்த கோட்டிங் ஒன்றில் ஐக்கியமாகிவிட்டது.

ஆகவே, வட்ட ஃபிரேம் ஒன்றில் மைனஸ் ஏழரை சிங்கிள் விஷன் லென்ஸைப் பொருத்தி, அருகே பார்க்கையில் கண்கள் உள்நோக்கித் திரும்புமாதலால் கண்மணி இடைவெளியைத் தூரத்துக்கு அளந்ததினும் மூன்று நான்கு மில்லிமீட்டர் குறைத்து வைத்து, கோட்டிங் எதுவும் பூசாமல் கொடுத்துதவ வேண்டுகிறேன். பவர் குறைந்தவர்களுக்கு அந்த மில்லிமீட்டர்கள் பெரிதல்ல. எங்களுக்குத் தலைவலியை நிர்ணயிப்பவை அவைதாம். கிரயத்தை ரொக்கமாகவே செலுத்தச் சித்தமாயிருக்கிறேன்.